ஐந்து கிராமம், ஒரு வைரம், ஒரு வீங்கிய கால்: வலி போன பிறகும் போகாத கௌட்டின் கதை

(ஒலிபரப்பான எபிசோடை, படிக்க வசதியாகக் கொஞ்சம் சுருக்கி, திருத்தி எழுதிய வடிவம் இது.)

இந்த வாரம் நாம போகப்போற ரூட் கொஞ்சம் சுத்து வழி. திருவொற்றியூர்ல கிளம்பி, லண்டன் பாராளுமன்றம், வியன்னா, பாரிஸ், அமெரிக்கானு போய், மூலனூர்ல ஒரு வயல்காட்டைப் பார்த்துட்டு, திரும்ப ராயபுரத்துக்கே வந்துடுவோம். இந்த ஊர்களை எல்லாம் சேர்க்கிற விஷயம் ஒண்ணே ஒண்ணு, கால் கட்டைவிரல்ல வர்ற வலி.

புத்தகத் தமிழ்ல இதைக் கீல்வாதம்னு எழுதுவாங்க. ஆனா அந்தச் சொல்லை எல்லா மூட்டு வலிக்கும் சேர்த்தே பயன்படுத்துறாங்க. நம்ம ஏரியால மெடிக்கல் ஷாப் வாசல்ல நின்னு கேட்டா "யூரிக் ஆசிட் ப்ராப்ளம்"னு தான் சொல்வாங்க. டாக்டர் சீட்டுல இருக்கிற பேர் கௌட். நான் கௌட்னே சொல்றேன்.

1708: ரெண்டு சம்பவம்

தாமஸ் பிட்னு ஒருத்தர். 1698-லேர்ந்து 1709 வரைக்கும் செயின்ட் ஜார்ஜ் கோட்டையோட கவர்னர். 'டைமண்ட் பிட்'னு பட்டப்பேர். கிருஷ்ணா நதிக்கரைச் சுரங்கத்துலேர்ந்து வந்த 410 காரட் வைரக்கல்லை, ஜாம்சந்த்ங்கிற வியாபாரிகிட்ட 48,000 வராகனுக்கு வாங்குனார். அதை லண்டன்ல பட்டை தீட்டி, 1717-ல பிரான்ஸ் நாட்டை ஆண்டுக்கிட்டிருந்த ஆர்லியன்ஸ் பிரபுவுக்கு 1,35,000 பவுண்டுக்கு வித்தார். அந்த வைரம் இப்பவும் பாரிஸ் லூவர் மியூசியத்துல இருக்கு, 'ரீஜென்ட்'ங்கிற பேர்ல.

இந்த பிட் காலத்துல, 1708-ல, முகலாயர் தரப்புலேர்ந்து கம்பெனிக்கு அஞ்சு கிராமம் கிடைச்சது. திருவொற்றியூர், கத்திவாக்கம், சாத்தங்காடு, வியாசர்பாடி, நுங்கம்பாக்கம். நுங்கம்பாக்கத்தை விட்டுட்டுப் பாருங்க, மீதி நாலும் நம்ம வடசென்னை. கத்திவாக்கம்னா எண்ணூர். இன்னைக்கு நாம சண்டை போட்டுக்கிட்டிருக்கிற கழிமுகமும், தொழிற்சாலைகளும், மீனவர் குப்பங்களும் இருக்கிற நிலத்துல ஒரு நல்ல பங்கு, கம்பெனி கணக்குல ஏறினது இவர் காலத்துல தான்.

அதே 1708 நவம்பர்ல, லண்டன்ல பிட்டோட மகன் ராபர்ட்டுக்கு ஒரு பையன் பிறந்தான். பேரு வில்லியம் பிட். வரலாற்றுல 'மூத்த பிட்'. பின்னாள்ல பிரிட்டனோட பிரதமர். மதராஸ் வைரத்துல செழிச்ச குடும்பத்தோட வாரிசு. பள்ளிக்கூடத்துல படிக்கும்போதே அவருக்கு கௌட் வந்துடுச்சு. ஆக்ஸ்ஃபோர்டுல சேர்ந்து, கால் வலி தாங்காம டிகிரி வாங்காமலே வெளிய வந்தார். அதுக்கப்புறம் ஆயுசு முழுக்க ஊன்றுகோலும், துணி சுத்தின காலுமா தான் பாராளுமன்றத்துக்கு வந்து போனார்.

1765-ல அமெரிக்கக் குடியேற்றங்கள் மேல முத்திரைத்தாள் வரி போட்டாங்க. அந்த விவாதத்துல பிட் இல்ல, உடம்பு முடியாம வீட்டுல கிடந்தார். அடுத்த வருஷம் எழுந்து வந்து அந்த வரியை எதிர்த்துப் பேசினார், வரி ரத்தாச்சு. 1766-ல பிரதமர் ஆனார். ஆனா 1767-ல திரும்பப் படுத்துட்டார். இந்தத் தடவை கௌட்டோட கடுமையான மனச்சோர்வும் சேர்ந்துக்கிச்சு. பிரதமர் அறைக்குள்ள அடைஞ்சு கிடக்கிற நேரத்துல, அவரோட நிதியமைச்சர் டவுன்ஷெண்ட் தேயிலை மேல வரி போட்டார். அந்தத் தேயிலை வரியோட தொடர்ச்சி தான் 1773-ல பாஸ்டன் துறைமுகத்துல கடல்ல கொட்டப்பட்ட தேயிலை. கொட்டப்பட்டது கிழக்கிந்தியக் கம்பெனியோட சரக்கு.

ஒரு கட்டைவிரல் தான் அமெரிக்கப் புரட்சியை உண்டாக்குச்சுன்னு சொன்னா அது அளந்து விடுறது. ஆனா ஒண்ணைக் கவனிங்க. அன்னைக்கு உலகத்துலயே அதிகாரமான பதவிகள்ல ஒண்ணுல இருந்த மனுஷன், பணத்துக்கும் டாக்டருக்கும் குறைச்சல் இல்லாதவர். அவருக்கு சுமார் அம்பது வருஷமா இந்த வலி வந்து வந்து போயிருக்கு, ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மிச்சம் வெச்சுட்டுப் போயிருக்கு. ஒருத்தராலயும் நிறுத்த முடியல. ஏன்? இந்த எபிசோடோட கேள்வி இது தான்.

வலியை நிறுத்தத் தெரிஞ்சது, காரணம் தெரியல

அந்தக் காலத்து ஐரோப்பிய மருத்துவர்கள்கிட்ட ஒரு விநோதமான நம்பிக்கை இருந்தது. கௌட் இருக்கிறவனுக்கு வேற பெரிய நோய் வராது, அதனால கௌட் ஒரு பாதுகாப்புன்னு. பிட் குடும்பத்து டாக்டர் ஆண்டனி அடிங்டன். மூத்த பிட்டோட மகன், அவர் பேரும் வில்லியம் பிட் தான், கேம்பிரிட்ஜ்ல படிக்கிற சின்னப் பையனா இருந்தப்ப உடம்பு சரியில்லாம போச்சு. தினமும் போர்ட் ஒயின் குடின்னு எழுதிக் கொடுத்தவர் இந்த அடிங்டன். அந்தப் பையன் பின்னாடி 24 வயசுல பிரதமர் ஆகி, 1784-ல இந்தியாவுல கம்பெனி ஆட்சியைக் கட்டுப்படுத்துற 'பிட் இந்தியச் சட்டம்' கொண்டுவந்தார். அவருக்கும் கௌட். 46 வயசுல இறந்துட்டார்.

போர்ட் ஒயின் பத்தி ஒரு விஷயம். 1770-லேர்ந்து 1820 வரைக்குமான போர்ச்சுகல் ஒயின்களை 20-ஆம் நூற்றாண்டுல சோதிச்சுப் பார்த்தப்ப, அதுல ஈயம் கணிசமா இருந்தது. ஈயம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். கெட்ட சிறுநீரகம் யூரிக் ஆசிடை வெளிய தள்ளாது. மது, பரம்பரை, ஈயம் மூணும் ஒரே வீட்டுல சேர்ந்தா என்ன ஆகும்னு பிட் குடும்பத்தைப் பார்த்தா தெரியும்.

வலியை நிறுத்த ஒரு மருந்து மட்டும் ரொம்ப நாளாவே இருந்தது. கோல்சிகம்ங்கிற கிழங்குச் செடி. 6-ஆம் நூற்றாண்டுல டிராலஸ் ஊர் அலெக்சாண்டர்ங்கிற மருத்துவர் இந்த வகைக் கிழங்கை மூட்டு வலிக்குக் கொடுத்திருக்கார். பேதி புடுங்கி எடுக்கும், அளவு தப்பினா ஆளே போயிடுவார். அதனால பல நூற்றாண்டு ஒதுக்கி வெச்சாங்க. 1763-ல வியன்னாவுல ஷ்டோர்க்ங்கிற டாக்டர் திரும்ப வெளிய எடுத்தார். அப்புறம் ஹுசோன்ங்கிற பிரெஞ்சு ராணுவ அதிகாரி ஒருத்தர், என்ன கலந்திருக்குன்னு சொல்லாம ஒரு 'மருந்துத் தண்ணி'யை பாட்டில்ல போட்டு வித்தார். கௌட்டுக்குப் பிரமாதமா கேட்டது. 1814-ல ஜான் வாண்ட்னு ஒரு டாக்டர், அந்த ரகசிய ஃபார்முலாவுல இருக்கிறது கோல்சிகம் தான்னு கண்டுபிடிச்சுப் போட்டு உடைச்சார். இன்னைக்கு நாம ரிவர்ஸ் இன்ஜினியரிங்னு சொல்றோமே, அதே வேலை. 1820-ல பெல்லெட்டியே, கவாந்து ரெண்டு பேரும் அதுலேர்ந்து சத்தைப் பிரிச்செடுத்தாங்க. அது தான் கோல்சிசின்.

நம்ம ஊர்ப் பூ

இந்தக் கோல்சிசின் இன்னொரு செடியிலயும் இருக்குன்னு 1915-ல வேதியியல் ஆராய்ச்சியாளர்கள் எழுதினாங்க. குளோரியோசா சுபர்பா. நாம அதைச் செங்காந்தள்னு சொல்றோம். தமிழ்நாட்டோட மாநிலப் பூ. ஈழத்துல கார்த்திகைப் பூ. சங்கப் பாட்டுகள்ல வர்ற காந்தள். வயல்காட்டுல கண்வலிக் கிழங்கு, கலப்பைக் கிழங்கு.

உலகத்துல கோல்சிசினுக்காக இந்தச் செடியைப் பெரிய அளவுல பயிர் பண்ற இடம் தமிழ்நாடு தான். திருப்பூர் மாவட்டம் மூலனூர் பக்கம், திண்டுக்கல், கரூர், அரியலூர், வேதாரண்யம். கொடியைப் பந்தல்ல ஏத்தி விட்டு, காலைல ஆட்கள் வரிசையா போய், ஒவ்வொரு பூவுலயும் கையாலேயே மகரந்தம் தடவி விடுவாங்க, காய் நல்லா பிடிக்கணுமேன்னு. சத்து கிழங்கை விட விதையில அதிகம். அந்த விதை வெளிநாட்டுக் கம்பெனிகளுக்குப் போகுது.

இங்க நிறுத்தி ஒண்ணு சொல்லிடறேன். இந்தக் கிழங்கு கொடிய விஷம். "மாத்திரையே இதுலேர்ந்து தானே வருது, நாமளே அரைச்சுக் குடிச்சா என்ன"ன்னு தயவுசெஞ்சு யாரும் இறங்காதீங்க. மருந்துக்கும் விஷத்துக்கும் நடுவுல இருக்கிற இடைவெளி இதுல ரொம்பக் கம்மி. மாத்திரையா சாப்பிடும்போதே சிறுநீரகக் கோளாறு இருக்கிறவங்களுக்கும், கிளாரித்ரோமைசின் மாதிரி சில ஆன்டிபயாடிக் எடுக்கிறவங்களுக்கும் ஆபத்து வரலாம்.

அதே கோல்சிசினுக்கு அமெரிக்காவுல என்ன ஆச்சு தெரியுமா? 2009-ல ஒரு கம்பெனி புதுசா பரிசோதனை நடத்தி, அரசு அங்கீகாரம் வாங்கி, தனி உரிமையோட வித்தாங்க. ஒரு மாத்திரை சுமார் 9 சென்ட்டா இருந்தது 4.85 டாலர் ஆச்சு. ஆயிரம் வருஷத்துக்கு மேல பழசான மருந்து! நம்ம ஊர்ல அது இன்னைக்கும் சில ரூபாய் தான்.

கட்டைவிரலுக்குள்ள என்ன நடக்குது

இப்ப காரணத்துக்கு வருவோம். 1797-ல வொல்லாஸ்டன்ங்கிற ஆங்கிலேய விஞ்ஞானி, கௌட் நோயாளியோட மூட்டுல இருந்த வெள்ளைக் கட்டியைச் சோதிச்சு, அது யூரிக் ஆசிடோட உப்புன்னு காட்டினார். 1854-ல லண்டன் டாக்டர் ஆல்ஃப்ரெட் கேரட் ஒரு சுலபமான சோதனை கண்டுபிடிச்சார். நோயாளியோட ரத்தத்தைத் தெளிய வெச்சு, அந்த நீர்ல கொஞ்சம் அசிட்டிக் அமிலம் ஊத்தி, ஒரு நூலைப் போட்டு வைக்கணும். கௌட் இருந்தா அந்த நூல் மேல படிகம் படியும், கல்கண்டு படியற மாதிரி. ஒரு நூல், ஒரு கண்ணாடித் தட்டு. அவ்வளவு தான் லேப்!

இதே கேரட் இன்னொண்ணும் கவனிச்சார். ஆஸ்பத்திரியில அவர்கிட்ட வர்ற கௌட் நோயாளிகள்ல நாலுல ஒருத்தருக்காவது ஈய நஞ்சு பாதிப்பு இருந்திருக்கு. பெரும்பாலும் பெயிண்டர், பிளம்பர். கௌட்னா பணக்காரன் வியாதி, ராஜா வியாதின்னு இன்னைக்கும் சொல்றோம். ஆனா 1859-லயே ஒரு டாக்டர் புத்தகம் போட்டு, இது கூலி வேலை செய்யறவங்க வியாதியும் தான்னு எழுதிட்டார். பழைய பேட்டரி உடைக்கிற வேலை, பழைய பெயிண்டைச் சுரண்டுற வேலை நடக்கிற எந்த ஊருக்கும் இது பொருந்தும். வீட்டுக்கு அடிக்கிற பெயிண்ட்ல ஈயம் 90 பிபிஎம்முக்கு மேல இருக்கக் கூடாதுங்கிற விதி இந்தியாவுல 2016-ல வந்து 2017 நவம்பர்ல தான் அமலாச்சு. அதுக்கு முன்னாடி அடிச்ச பெயிண்ட் எல்லாம் இன்னும் சுவத்துலயும் கதவுலயும் இருக்கு.

1961-ல மெக்கார்ட்டி, ஹாலண்டர்னு ரெண்டு அமெரிக்க டாக்டர்கள், வீங்கின மூட்டுலேர்ந்து நீர் எடுத்து மைக்ராஸ்கோப்ல பார்த்து, உள்ள ஊசி ஊசியா படிகம் இருக்கிறதைக் காட்டினாங்க. அந்தப் படிகம் தான் வலிக்குக் காரணமா? மெக்கார்ட்டியும் அவரோட சகா ஃபேர்ஸும் அதே படிகத்தைத் தங்களோட சொந்த முழங்கால்லயே ஊசி போட்டு ஏத்திக்கிட்டாங்க. சில மணி நேரத்துல அசல் கௌட் வலி. 1962-ல அதைக் கட்டுரையா எழுதினாங்க. புரொடக்‌ஷன்லயே டெஸ்ட் பண்றதுன்னா இது தான்.

இப்ப மொத்தமா கோர்த்துப் பார்க்கலாம். நம்ம உடம்பு செல்கள் அழியும்போதும், சாப்பாட்டுலேர்ந்தும் பியூரின் வரும். அது உடைஞ்சு யூரிக் ஆசிட் ஆகும். பெரும்பாலான பாலூட்டிகளுக்கு யூரிக்கேஸ்னு ஒரு நொதி இருக்கு, அது யூரிக் ஆசிடைக் கரைச்சு அனுப்பிடும். மனுஷனும் மனுஷக் குரங்குகளும் அந்த நொதியைக் கோடி வருஷத்துக்கும் முன்னாடியே பரிணாமத்துல தொலைச்சாச்சு. அதனால நமக்கு மூணுல ரெண்டு பங்கு யூரிக் ஆசிட் சிறுநீரகம் வழியாவும், மீதி குடல் வழியாவும் போகணும். ரத்தத்துல 6.8 மில்லிகிராம் அளவைத் தாண்டினா, கரைஞ்சு இருக்க முடியாம படிகமா விழ ஆரம்பிக்கும். குளிர்ச்சியான இடத்துல சீக்கிரம் விழும். உடம்புல குளிர்ச்சியான கோடி எது? கால் கட்டைவிரல். அது தான் அங்க.

என்னைக்காவது ஒருநாள் ராத்திரி, உடம்போட எதிர்ப்புச் சக்தி அந்தப் படிகத்தை எதிரின்னு நினைச்சுப் பாயும். போர்வை பட்டா கூட உயிர் போகுதுன்னு நோயாளிகள் சொல்றது அந்த நேரம் தான். கோல்சிசின் இங்க என்ன பண்ணுதுன்னா, பாய்ஞ்சு வர்ற வெள்ளை அணுக்களோட நடமாட்டத்தை முடக்குது. சண்டை ஓயும். ஆனா படிகம்? அது அங்கயே தான் உட்கார்ந்திருக்கும். பிட் பரம்பரையே மாட்டிக்கிட்டது இங்க தான்.

"வலி போச்சு, ஆனா கால் பழையபடி இல்ல"

எங்க பெரியப்பா ஹார்பர்ல கிரேன் ஓட்டி ரிட்டயர் ஆனவர். ராயபுரத்துல இருக்கார். அவர் வாயால பல வருஷம் கேட்ட வாக்கியம் மேல இருக்கிறது. கட்டைவிரல் வீங்கும், பக்கத்து கிளினிக்ல ஊசி போடுவாங்க, ரெண்டு நாள்ல இறங்கும். ஆனா அதுக்கப்புறம் வாரக்கணக்குல ஒரு மந்தமான வலி, மாடிப்படி இறங்கும்போது ஒரு குத்தல். அதுக்கு மெடிக்கல் ஷாப்ல டைக்ளோஃபெனாக் வாங்கிப் போட்டுக்குவார். ஒரு தடவை வேற எதுக்கோ ரத்தம் எடுத்தப்ப தான் கிரியேட்டினின் ஏறியிருக்கிறது தெரிஞ்சது. வலி மாத்திரை சிறுநீரகத்தைக் கெடுக்கும், கெட்ட சிறுநீரகம் யூரிக் ஆசிடைப் பிடிச்சு வைக்கும், அது அடுத்த வலியைக் கொண்டு வரும். சாஃப்ட்வேர்ல மெமரி லீக்னு ஒண்ணு உண்டு. சிஸ்டம் தொங்கும்போதெல்லாம் ரீஸ்டார்ட் பண்ணா ஓடும். ஆனா லீக் அப்படியே இருக்கும்.

சரி, அந்த மிச்ச வலி ஏன்? பொதுவா நாலு காரணம்.

ஒண்ணு, அழற்சி முழுசா அடங்கல. கௌட் தாக்குதல் அடங்க ஒரு வாரம், ரெண்டு வாரம் ஆகும். ரெண்டே நாள்ல மருந்தை நிறுத்தினா அணையாத நெருப்பு புகைஞ்சுக்கிட்டே இருக்கும்.

ரெண்டு, படிகம் அங்கயே இருக்கு. வலி இல்லாத நாள்லயும் மூட்டுல படிகம் இருக்கிறது இப்ப சில வகை ஸ்கேன்லயே கலர்ல தெரியுது. வருஷக்கணக்குல விட்டா அது கட்டியா திரண்டு எலும்பையே அரிக்கும்.

மூணு, இது நிறைய பேருக்குச் சொல்லப்படாத விஷயம். யூரிக் ஆசிடைக் குறைக்கிற மாத்திரையை ஆரம்பிச்சா முதல் சில மாசம் வலி திரும்ப வரலாம். பழைய படிகம் கரைய ஆரம்பிச்சு அசையறதால வர்றது அது. "மாத்திரை ஒத்துக்கல"ன்னு நிறுத்திடுவாங்க. உண்மையில மாத்திரை வேலை செய்யுதுன்னு அர்த்தம். இந்த வலி வராம இருக்கத் தான் மூணுலேர்ந்து ஆறு மாசம் வரைக்கும் கூடவே கம்மி டோஸ் கோல்சிசின் கொடுப்பாங்க.

நாலு, வலி கௌட்டே இல்லாம இருக்கலாம். மூட்டுத் தேய்மானமா இருக்கலாம், சுகர்ல வர்ற நரம்பு வலியா இருக்கலாம். மூட்டு சூடா வீங்கி, கூடவே காய்ச்சலும் குளிரும் இருந்தா, மூட்டுக்குள்ள கிருமித் தொற்றா இருக்கலாம். அப்ப காத்திருக்கக் கூடாது, அன்னைக்கே ஆஸ்பத்திரி போகணும்.

லீக்கை அடைச்ச அம்மா

அந்த யூரிக் ஆசிடைக் குறைக்கிற மாத்திரை எப்படி வந்துச்சு? ஜெர்ட்ரூட் எலியன்னு ஒரு அமெரிக்க விஞ்ஞானி. பிஎச்டி முடிக்காதவங்க. அவங்களும் ஜார்ஜ் ஹிட்சிங்ஸும், ரத்தப் புற்றுநோய் மருந்து உடம்புல சீக்கிரம் அழியாம இருக்க ஒரு துணை மருந்து தேடினாங்க. அப்படி வந்தது அலோபியூரினால். அது புற்றுநோய் மருந்துக்குப் பெருசா உதவல. ஆனா கொடுத்தவங்களுக்கு யூரிக் ஆசிட் சரசரன்னு இறங்குச்சு. 1966-ல கௌட் மருந்தா அங்கீகாரம். 1988-ல ரெண்டு பேருக்கும் நோபல். பிறகு 2000-களுக்கு அப்புறம் ஃபெபுக்சோஸ்டாட்னு இன்னொண்ணும் வந்தது.

அப்ப 1966-க்கு அப்புறம் ஏன் இன்னும் ஆளுங்க நொண்டுறாங்க? 2018-ல இங்கிலாந்துல நாட்டிங்ஹாம் குழு வெளியிட்ட ஒரு ஆய்வு எனக்கு இதுல ரொம்ப முக்கியமா படுது. 517 நோயாளிகள். ஒரு பாதிக்கு வழக்கமான டாக்டர் வைத்தியம். இன்னொரு பாதியை நர்சுகள் கவனிச்சுக்கிட்டாங்க. நர்சுகள் புது மருந்து எதுவும் கொடுக்கல. உட்கார வெச்சு நோய் என்னன்னு விளக்கினாங்க, பயத்தைக் கேட்டாங்க, ரத்தப் பரிசோதனை பார்த்துப் பார்த்து டோஸை ஏத்தினாங்க. ரெண்டு வருஷம் கழிச்சு, யூரிக் ஆசிட் 6-க்குக் கீழ வந்தவங்க நர்ஸ் குழுவுல 95 சதவீதம், வழக்கமான குழுவுல 30 சதவீதம். மாத்திரை ஒண்ணு தான். வித்தியாசம், ஒருத்தர் பொறுமையா உட்கார்ந்து புரிய வெச்சது.

தமிழ்நாட்டுல 2021-லேர்ந்து 'மக்களைத் தேடி மருத்துவம்' மூலமா பிரஷருக்கும் சுகருக்கும் மாத்திரை வீட்டு வாசலுக்கே வருது. கௌட் இருக்கிறவங்க பலருக்கு அதே ரெண்டும் கூடவே இருக்கும். அந்த மாதிரி ஒரு கட்டமைப்புல யூரிக் ஆசிடையும் சேர்த்துப் பார்க்க முடியுமான்னு கேட்கிறது நியாயமான கேள்வின்னு நினைக்கிறேன்.

நம்ம ஏரியாவுக்குன்னு சில விஷயம்

சாப்பாடு. நெத்திலி, மத்தி, ஈரல், குடல், பீர், சரக்கு, சர்க்கரை போட்ட கூல்டிரிங்ஸ் இதெல்லாம் யூரிக் ஆசிடை ஏத்தும். அளவு குறைக்கணும், குறிப்பா வலி இருக்கும்போது. ஆனா காசிமேடு பக்கத்துல வீடு இருக்கிற மனுஷனை "மீனே சாப்பிடாதே"ன்னு சொல்லி, அதையே வைத்தியம்னு விட்டுடக் கூடாது. பத்தியத்தால மட்டும் இறங்குறது பெரும்பாலும் 1 மில்லிகிராம் அளவு தான். 9-ல இருக்கிறவரை அது 6-க்குக் கொண்டுவராது. பரம்பரையும் சிறுநீரகமும் தான் பெரிய பங்கு. "வாயைக் கட்டலை, அதான் வலி"ன்னு வீட்டுல திட்டுறதை நிறுத்தலாம். பருப்பு, கீரை, பால், மோர் இதுக்கெல்லாம் பயப்பட வேண்டாம்.

வெயில். கன்டெய்னர் யார்டு, ஃபவுண்டரி, கட்டுமரம். வேர்த்துக் கொட்டி, தண்ணி குடிக்காம, சிறுநீர் குறைஞ்சா தாக்குதல் வர்ற வாய்ப்பு கூடும். தண்ணியும், போக வர பாத்ரூமும், தொழிலாளிக்கு மருத்துவ விஷயம்.

மத்த மருந்துகள். பிரஷருக்குக் கொடுக்கிற சில நீர் மாத்திரைகள் யூரிக் ஆசிடை ஏத்தும். டிபி சிகிச்சையில வர்ற பைரசினமைடும் ஏத்தும். டிபி மருந்துகளைப் பத்தி உலகத்துக்கே வழிகாட்டின ஆராய்ச்சி மையம் 1956-ல தொடங்கினது நம்ம சேத்துப்பட்டுல தான். டிபி மாத்திரையை மூட்டு வலின்னு நீங்களா நிறுத்தக் கூடாது, நிறுத்தினா விளைவு ரொம்பப் பெருசு. டாக்டர்கிட்ட சொன்னா சரி பண்ணுவாங்க.

ஒத்தடம். நம்ம வீடுகள்ல சுடுதண்ணி ஒத்தடம், தைலம் போட்டு அழுத்தித் தேய்க்கிறது தான் பழக்கம். கௌட் தாக்குதல்ல ஐஸ் ஒத்தடம் தான் கேட்கும். துணியில சுத்தி வைங்க, காலைத் தலகாணி மேல தூக்கி வைங்க.

மாத்திரை. தாக்குதல் ஆரம்பிச்ச உடனே கம்மி டோஸ் கோல்சிசின் போதும். நிறைய போட்டா சீக்கிரம் போகும்னு இல்ல. 2010-ல வந்த ஒரு ஆய்வுல 1.8 மில்லிகிராம் போட்டவங்களுக்கும் 4.8 போட்டவங்களுக்கும் பலன் ஒரே அளவு, பேதி மட்டும் ரெண்டாவது குழுவுக்கு அதிகம். அலோபியூரினால் ஏற்கெனவே எடுக்கிறவங்க வலி வந்தா அதை நிறுத்த வேண்டாம். ஆனா புதுசா ஆரம்பிச்சவங்களுக்கு உடம்புல தடிப்பு, வாய்ப்புண், காய்ச்சல் வந்தா உடனே நிறுத்திட்டு டாக்டரைப் பார்க்கணும். அரிதா வர்றது, ஆனா ஆபத்தானது.

கடைசியா, நம்பர். வலி உச்சத்துல இருக்கும்போது எடுக்கிற ரத்தப் பரிசோதனையில யூரிக் ஆசிட் நார்மல்னு கூட வரலாம். அதை வெச்சு "கௌட் இல்ல"ன்னு முடிவு பண்ணக் கூடாது. வலி அடங்கி ரெண்டு, மூணு வாரம் கழிச்சு திரும்ப எடுங்க. 6-க்குக் கீழ கொண்டு வந்து, அங்கயே வருஷக்கணக்குல வெச்சிருந்தா, படிகம் கரைஞ்சே ஆகணும். அது வேதியியல். மாசக்கணக்கு, சில பேருக்கு வருஷக்கணக்கு ஆகும். மிச்ச வலியும் அதோட சேர்ந்து தான் போகும்.

திருவொற்றியூரையும் எண்ணூரையும் கணக்குல சேர்த்த கவர்னரோட பேரனுக்கு, எவ்வளவு வைரம் வித்தும் கிடைக்காதது இன்னைக்கு ஸ்டான்லி ஆஸ்பத்திரி ஓபி சீட்டுல எழுதி வாங்கக்கூடிய ஒரு மாத்திரை. வீட்டுல யாராவது காலை இழுத்து இழுத்து நடந்தா, "வலி எப்படி இருக்கு"ன்னு கேட்கறதோட இன்னொண்ணும் கேளுங்க: "உங்க நம்பர் எவ்வளவு?"

அடுத்த வாரம் பார்ப்போம்.